அசனப் பந்தியில் ஊரே உட்கார வேண்டுமானால்

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில், ஆலயம் அர்ப்பணித்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகை என்றதும் பெரியவருக்கும் சிறியவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அசனம். அசனம் என்றால் உணவு, அவ்வளவுதான். கோயில் (தேவாலய) வளாகத்தில் பந்தல் போட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரித்து, அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, சபையார் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பல ஊர்களில் பக்கத்துத் தெரு இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் அழைக்காமலேயே வந்து சாப்பிட்டுப் போகிற வழக்கம் இருந்தது. அப்படி வந்துகொண்டிருந்தவர்கள் வராமல் நின்றுபோன ஊர்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் பரவிய ஒரு வதந்தி, தேர்தல் நேரத்துத் தகராறு, பாதைப் பிரச்சினை என்று காரணம் ஊருக்கு ஊர் மாறும்.

அவர்களை மறுபடி பந்தியில் உட்காரவைக்க நினைக்கிற சபைகளுக்காக இதை எழுதுகிறோம். அளவுகள் 100 பேருக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. 500 பேர் என்றால் ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அசனம் பெரும்பாலும் அரிசிக் கணக்கில் கெடுவதில்லை. யார் எங்கே உட்கார்ந்தார், யார் இலை எடுத்தார், யாரை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதில்தான் கெடுகிறது. அதனால் இங்கே பந்தியைப் பற்றி அதிகமும் பருப்பைப் பற்றிக் கொஞ்சமும் இருக்கும்.

தேதி குறிப்பது

பண்டிகைத் தேதி சபைக்கு ஏற்கெனவே முடிவானதாக இருக்கலாம். அசனத்தை அதே நாளில் வைத்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை, அந்த வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளலாம். மூன்று காலண்டர்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரம்ஜான் மாதத்தில் பகலில் அசனம் வைத்துவிட்டு முஸ்லிம் வீடுகளை அழைப்பது அழைக்காததற்குச் சமம். ரம்ஜான் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாள் முன்னே நகரும் என்பதால் போன வருடக் கணக்கு உதவாது. செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கார்த்திகை, புரட்டாசிச் சனி ஆகிய நாள்களில் பல இந்து வீடுகளில் கறி சேர்ப்பதில்லை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் இருப்பார்கள். திருச்செந்தூர் வட்டாரத்தில் கந்த சஷ்டி விரதம் இருக்கும். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டவர்கள் பல வாரங்களுக்கு விரதத்தில் இருப்பார்கள். ஊர் அம்மன் கோயில் கொடை (திருவிழா) எப்போது என்பதை நேரில் போய்க் கேளுங்கள். கொடையும் அசனமும் ஒரே வாரத்தில் விழுந்தால் இரண்டு தரப்பிலும் பெரிய பாத்திரம் கிடைக்காது. போட்டிக்கு வைக்கிறார்கள் என்ற பேச்சும் கிளம்பிவிடும்.

ஊரில் ஒரு சண்டை சூடாக இருக்கும்போது, அல்லது வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, அசனத்தைச் சமாதானக் கூட்டமாக மாற்றப் பார்க்காதீர்கள். இலை முன்னால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போக முடியாது, அவரிடம் நியாயம் பேசுவது அவரைக் கட்டிப்போட்டுப் பேசுவதற்குச் சமம். முதலில் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். பேச்சு முடியவில்லை என்றால் அழைப்பை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். வருவதும் வராததும் அவர் விருப்பம்.

அழைக்கும் முறை

மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். நோட்டீஸ் ஒட்டுவதும் குரூப்பில் போடுவதும் அழைப்பாகாது. கல்யாணத்துக்கு எப்படி வீடு வீடாகப் போகிறோமோ அப்படியே போக வேண்டும். இருவர் இருவராகப் போங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது, இன்னொருவர் அந்த வீட்டாருக்கு ஏற்கெனவே பழக்கமானவராக இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர், ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர், பால் வாங்குகிறவர் என்று யாராவது எப்போதும் இருப்பார். சேகர குருவே (சபையின் போதகரே) எல்லா வீட்டுக்கும் போனால் கௌரவம்தான். ஆனால் அவர் மாறுதலில் போகிறவர். ஊரில் இருக்கப் போகிறவர் போவதுதான் முக்கியம்.

சொல்ல வேண்டியது நீளமாக இருக்கக் கூடாது. "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம கோயில்ல அசனம். மதினியையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு வந்துருங்க. கறி இருக்கு, சைவமும் தனியா இருக்கு." அவ்வளவு போதும். சைவம் மட்டும் என்றால் கடைசி வரியை மாற்றிக்கொள்ளுங்கள். காயல்பட்டினம் பக்கம் முஸ்லிம் வீட்டில் 'காக்கா' (அண்ணன்) என்றால் வீட்டுக்காரர் முகம் மலரும். மற்ற இடங்களில் 'பாய்' போதும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தெருவில் அறுபது வயதுக்காரரை "அண்ணாச்சி, வாங்க" என்று அழைத்துவிட்டு, அடுத்த தெருவில் அதே வயதுக்காரரைப் பெயர் சொல்லி "ஞாயித்துக்கிழமை வந்துரு" என்று சொல்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. சொல்கிறவருக்கு அது காதில் விழாது. கேட்கிறவருக்கு அந்த 'ரு' மட்டும்தான் விழும். புறப்படுமுன் அழைக்கப் போகிற எல்லோரும் ஓர் அறையில் உட்கார்ந்து, எந்த வீட்டில் யாரை என்ன முறை வைத்து அழைப்பது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வெட்கமாக இருக்கும், இருந்தாலும் செய்யுங்கள். வயதில் மூத்தவர் எந்தத் தெருவில் இருந்தாலும் 'வாங்க' என்றே அழைக்க வேண்டும், அண்ணாச்சி, அக்கா, தாத்தா, ஆச்சி என்ற முறைப் பெயர் எல்லோருக்கும் பொது.

இரண்டாவது அழைப்பு, அசனத்துக்கு முந்தின நாள். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. முந்தின இரவு காய்கறி நறுக்க வரச் சொல்லுங்கள். சாப்பிட வருகிறவர் விருந்தாளியாகவே திரும்பிப் போவார். அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு வந்து பத்து மணிவரை பூசணிக்காய் அரிந்தவருக்கு அது தன் வீட்டு வேலை மாதிரி ஆகிவிடும். மறுநாள் உப்பு குறைந்தால் அவரும் கவலைப்படுவார். 500 பேர் சமையலுக்குக் காய் நறுக்க 20 பேருக்கு மூன்று மணி நேர வேலை இருக்கிறது. கடுங்காப்பியும் சுண்டலும் தயாராக இருக்கட்டும். அழைத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணாதீர்கள். முதல் வருடம் இரண்டு பெண்கள் வந்தாலும் வந்ததுதான்.

வரியும் காணிக்கையும்

அசன வரியைச் சபையாரிடம் மட்டும் பிரியுங்கள். மற்றவர்களிடம் ரசீதுப் புத்தகத்தோடு போகாதீர்கள். ஆனால் அவர்களாக ஏதாவது கொடுக்க முன்வந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தார் வாழைக்காய், பத்துத் தேங்காய், ஒரு வண்டி விறகு, தன் வீட்டு அண்டா என்று எதுவானாலும் சரி. எப்போதும் கொடுக்கிற கையாகவே இருக்க ஆசைப்படுகிறவரோடு யாராலும் சிநேகமாக இருக்க முடியாது. யோவான் நான்காம் அதிகாரத்தில் இயேசு சமாரியப் பெண்ணிடம் முதலில் தண்ணீர் கேட்கிறார், அதற்குப் பிறகுதான் மற்ற பேச்செல்லாம் நடக்கிறது.

வரி கொடுக்க முடியாத சபைக் குடும்பங்களின் பெயரை மைக்கில் வாசிக்கக் கூடாது, நன்கொடையாளர் பெயரையும் பந்தி நேரத்தில் வாசிக்கக் கூடாது. சாப்பிடுகிறவர் காதில் "இந்த அரிசி இன்னாருடைய உபயம்" என்று ஒலித்தால் கையில் இருக்கிற சோறு கனத்துப்போகும். கணக்கை அடுத்த ஞாயிறு ஆராதனையில் வாசித்துக்கொள்ளலாம்.

சமையல்

100 பேருக்குப் புழுங்கல் அரிசி 15 கிலோ. கல்யாண வீட்டில் 12 கிலோ போதும், அங்கே பலகாரம் இருக்கும். அசனத்தில் சோறுதான் பிரதானம், வெயிலில் வேலை செய்கிறவர்கள் வந்து சாப்பிடுவார்கள். சாம்பாருக்குத் துவரம்பருப்பு 3 கிலோ, பூசணி, முருங்கை, கத்தரி எல்லாம் சேர்த்து 8 கிலோ, சின்ன வெங்காயம் 2 கிலோ, தக்காளி 2 கிலோ. புளி சாம்பாருக்கும் ரசத்துக்குமாக முக்கால் கிலோ. கூட்டுக்குக் காய் 8 கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ, தேங்காய் 5. கறி வைப்பதானால் எலும்போடு 10 கிலோ. மோருக்குத் தயிர் 5 லிட்டர், தண்ணீர் 15 லிட்டர். வாழை இலை 115. குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர்.

எத்தனை பேருக்குச் சமைப்பது? சபைக் குடும்பங்களை முழுதாக எண்ணுங்கள். புதிதாக அழைத்த வீடுகளுக்கு, வீட்டுக்கு இரண்டு பேர் என்று வையுங்கள். அதற்கு மேல் நூற்றுக்கு 2 கிலோ அரிசியைக் களைந்து தனியாக வைத்துக்கொண்டு, ஒரு அண்டாவில் உலை கொதித்தபடியே இருக்கட்டும். சோறு குறைகிறது என்று தெரிந்ததும் அரிசியைப் போட்டால் அரை மணிக்குள் வடித்துவிடலாம். இந்த ஓர் உலை இல்லாததால் கடைசிப் பந்தி பட்டினியாகப் போன அசனங்கள் உண்டு. கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் யார் என்பதைக் கீழே சொல்கிறோம்.

சாம்பாரை முதலிலும் சோற்றைக் கடைசியிலும் செய்யுங்கள். முதல் பந்திக்கு முக்கால் மணிக்கு முன்னால் முதல் வடிப்பு முடிந்தால் போதும். அடுத்தடுத்த பந்திக்கு அடுத்தடுத்த வடிப்பு. ஐந்து பந்திக்கும் சேர்த்துக் காலையிலேயே வடித்துப் பாயில் குவித்தால் மேலே காய்ந்து போகும், நடுவில் சூடு அடைத்துப் புளித்த வாடை வரும். குவியலை அகலமாகப் பரப்பி, வெள்ளைத் துணியால் மட்டும் மூடுங்கள், பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம். சோறு எடுத்துப் போகப் பழைய ஓலைப்பெட்டியைப் போல் நல்ல பாத்திரம் இல்லை, வியர்க்காது, சோறு குழையாது. பித்தளை அண்டாவில் புளி சேர்ந்தது எதையும் வைப்பதற்கு முன் ஈயப்பூச்சு இருக்கிறதா என்று தவசுப்பிள்ளையிடம் (சமையல்காரரிடம்) காட்டிக் கேளுங்கள். பூச்சு போன அண்டாவில் சாம்பார் களிம்பேறும், வாந்தியில் கொண்டுபோய் விடும். அதற்குப் பிறகு ஊரில் பேச்சு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

கறியா சைவமா என்பது ஒவ்வொரு சபையிலும் சண்டையாகிற கேள்வி. கறி இல்லாத அசனமா என்று கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏழை வீட்டுக்கு அன்றைக்குத்தான் கறிச்சோறு. ஆனால் புதிதாக ஊரை அழைக்கிற முதல் வருடம் சைவமாகவே வைப்பது நல்லது என்பது எங்கள் முடிவு. காரணம், சைவத்துக்கு ஒரு வரிசை, கறிக்கு ஒரு வரிசை என்று பிரித்த உடனே, பந்தி மதத்தாலும் சாதியாலும் தானாகப் பிரிந்துவிடும். அதை யாரும் திட்டமிட வேண்டியதில்லை. முதல் வருடம் எல்லா இலையிலும் ஒரே சாப்பாடு விழட்டும்.

கறிதான் என்று முடிவானால் இரண்டு காரியம். ஆட்டை முஸ்லிம் கறிக்கடைக்காரரிடம் சொல்லி ஹலாலாக அறுத்து வாங்குங்கள், அழைக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். கிறிஸ்தவருக்கு அதில் ஒரு தடையும் இல்லை, முஸ்லிம் வீட்டாருக்கு அது இல்லாமல் வழியில்லை. இரண்டாவது, சைவ அடுப்பும் அசைவ அடுப்பும் பந்தலின் இரண்டு கோடியில் இருக்க வேண்டும். கரண்டி, வாளி, பரிமாறுகிற ஆள் எல்லாம் தனித்தனி. கரண்டிக் காம்பில் சைவத்துக்கு ஒரு வெள்ளைத் துணி கட்டிவிட்டால் அவசரத்தில் மாறாது. பரிமாறும்போது எல்லா இலைக்கும் சோறு, கூட்டு, சாம்பார் போட்டுவிட்டு, கறி வாளி கடைசியில் வரட்டும், இலை இலையாகக் கேட்டு ஊற்றட்டும். கறி வாடையே ஆகாது என்கிறவர்களுக்கு முதல் பந்தி முழுவதையும் சைவமாக நடத்திவிடலாம். அந்தப் பந்தியில் சபைப் பெரியவர்களில் சிலரும் உட்கார்ந்து சைவமே சாப்பிட வேண்டும்.

பந்தி

புதிய ஏற்பாட்டில் பந்திச் சண்டை புதிதல்ல. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு (யூதரல்லாதவரோடு) சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆள் வந்ததும் எழுந்து விலகினார். பவுல் அதை முகத்துக்கு நேரே கண்டித்தார் என்று கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. தமிழ்ச் சபைகளுக்கும் இது பழைய காயம். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகினார்கள். 1840களில் மதுரை அமெரிக்கன் மிஷன், சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரும் சேர்ந்து உண்ணும் அன்பின் விருந்தை வைத்தது. ஊழியர்களிலேயே சிலர் அதில் உட்கார மறுத்தார்கள். ஒன்றாக ஜெபிப்பது எளிது, ஒன்றாகச் சாப்பிடுவதில்தான் எல்லாம் வெளியே வரும். கல்லறைத் தோட்டத்தில் இன்னும் சாதி பிரிக்கும் சுவர் வைத்திருக்கிற சபைகள் ஊரை அழைக்குமுன் தங்கள் பந்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

500 பேர் என்றால் 100 பேராக ஐந்து பந்தி. இரண்டு வரிசை எதிரெதிராக, வரிசைக்கு 50 பேர். ஒரு பந்திக்கு 25 முதல் 30 நிமிடம், சுத்தம் செய்ய ஐந்து நிமிடம். பன்னிரண்டுக்குத் தொடங்கினால் மூன்று மணிக்குள் முடியும். ஒரு வரிசைக்குப் பரிமாற ஏழு பேர்: இலையும் தண்ணீரும் ஒருவர், உப்பு ஊறுகாய் கூட்டு ஒருவர், சோறு இருவர், சாம்பார் இருவர், ரசமும் மோரும் ஒருவர். இரண்டு வரிசைக்குப் பதினான்கு. இரண்டு குழு மாற்றி மாற்றி நின்றால் யாரும் களைத்துச் சிடுசிடுக்க மாட்டார்கள். களைத்தவர் கையால் விழுகிற சோறு எறிவது போலத்தான் விழும், புதிதாக வந்தவர் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்வார்.

உட்காருவதற்கு ஒரே விதிதான் இருக்க வேண்டும்: வந்த வரிசைப்படி. டோக்கன் வேண்டாம், 'முக்கியஸ்தர்' வரிசை வேண்டாம். பொன்மோதிரம் போட்டு வந்தவரை நல்ல இடத்திலும் கந்தையோடு வந்தவரைக் காலடியிலும் உட்காரச் சொல்கிற சபையை யாக்கோபு கண்டிக்கிறார். ஏறத்தாழ அதே காட்சி நம் பந்தலில் முதல் பந்தியில் நடக்கும். ஊராட்சித் தலைவரும் கட்சிக்காரரும் வருவார்கள், யாராவது ஓடிப்போய் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். மேசை நாற்காலி முட்டிவலிக்காரருக்கும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும். அவர்கள் எந்தத் தெரு என்று பார்க்கக் கூடாது. தலைவர் தரையில் உட்காரட்டும், மனம் வருந்த மாட்டார். அவருக்கும் ஓட்டு வேண்டும்.

பந்தலின் பின்பக்கத்தைக் கவனிக்க ஒருவரை நிறுத்துங்கள். தூக்குவாளியோடு, எவர்சில்வர் சட்டியோடு, அடுப்படிக்குப் பக்கத்தில் ஓரமாகச் சிலர் நிற்பார்கள். தலைமுறை தலைமுறையாக விருந்து வீடுகளில் பாத்திரத்தில் வாங்கிப் போகவே பழக்கப்படுத்தப்பட்டவர்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள், கூட்டம் குறைகிற வரை காத்திருப்பார்கள். சமையல்காரர் ஒரு கரண்டி சோற்றை அள்ளி அந்தப் பாத்திரத்தில் போட்டுவிட்டால் அன்றைய அசனம் தோற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்கிற ஆள் போய், "அக்கா, பாத்திரத்தை இங்க வைங்க, நான் பாத்துக்கிடுதேன். வாங்க, இந்தப் பந்தியிலேயே உட்காருங்க" என்று கூட்டி வர வேண்டும், நடு வரிசையில் உட்காரவைக்க வேண்டும், பக்கத்தில் தானும் உட்கார வேண்டும். தனியாகக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டுத் திரும்பிவிட்டால் அவர் எல்லோர் பார்வையிலும் காய்வார். சாப்பிட்டு எழுந்த பிறகு, வீட்டில் படுத்திருக்கிறவருக்கு என்று அவர் கேட்டால் பாத்திரம் நிறைய கொடுத்தனுப்புங்கள். அது வேறு காரியம்.

மேளக்காரர், பந்தல்காரர், குப்பை அள்ளுகிறவர், மைக் செட் பையன் இவர்கள் கடைசிப் பந்தி என்பது எழுதாத சட்டம். அதை மாற்றுங்கள்: அவர்கள் இரண்டாம் பந்தி, சபைக் கமிட்டி கடைசிப் பந்தி. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது, சிலர் பசியாயிருக்கச் சிலர் முந்திக்கொண்டு தின்றதால்தான். கமிட்டி கடைசியில் சாப்பிடுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. சோறு குறைகிறதா என்று அவர்கள் காலையிலிருந்தே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள்.

இலை எடுப்பது யார்? இதைத் தற்செயலுக்கு விட்டால் எப்போதும் எடுக்கிறவர்களே எடுப்பார்கள். முந்தின நாளே பெயர் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு பந்திக்கும் நான்கு பேர், அதில் இரண்டு பேர் கமிட்டி உறுப்பினர்கள். செயலாளர், பொருளாளர் பெயர் முதல் பந்தியிலேயே இருக்க வேண்டும். எல்லோரும் பார்க்கிற நேரம் அதுதான்.

தண்ணீருக்கு எவர்சில்வர் தம்ளர், ஒரே மாதிரியானது, 150 வாங்கி வைத்துக் கழுவிக் கழுவிப் பயன்படுத்துங்கள். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தம்ளர், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தடை. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சாதிக்கு ஒரு தம்ளர் என்ற இரட்டைக் குவளையைக் கண்ட ஊர்களில் ஒரே தம்ளர் கை மாறிக் கை மாறி எல்லோர் வாய்க்கும் போவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தூக்கி எறிகிற கப் அந்தக் கேள்வியை மூடி மறைத்துவிடும்.

ஜெபமும் மைக்கும்

பந்திக்கு ஒரு ஜெபம், அரை நிமிடம். உணவுக்கு நன்றி, சமைத்தவர்களுக்கு நன்றி, ஊர் நன்றாக இருக்க வேண்டுதல். அதற்கு மேல் வேண்டாம். இலையில் சோறு விழுந்த பிறகு ஜெபம் நீண்டால் விருந்தாளி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பார். அசன நேரத்தில் செய்தி கொடுப்பது, துண்டுப்பிரசுரம் வைப்பது, காணிக்கைப் பை கொண்டுவருவது, பெயர் முகவரி எழுதி வாங்குவது எதுவும் கூடாது. சோறு போட்டு மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சொல்வதற்கு ஒன்றும் கிடைக்காதபடி நடந்துகொண்டால் போதும். வாரத்தின் மற்ற நாள்களில் ஆராதனை இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, வர விரும்புகிறவருக்கு வழி தெரியும். சுவிசேஷத்தை மறைப்பதாக யாராவது வருத்தப்பட்டால், பிரதிபலன் செய்ய முடியாதவர்களை விருந்துக்கு அழை என்று லூக்கா பதினான்காம் அதிகாரத்தில் இயேசு சொன்னதை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே விருந்துக்கு வேறு நிபந்தனை இல்லை.

போட்டோ எடுப்பதில் கவனம் வேண்டும். "எல்லா மதத்தாரும் கலந்துகொண்ட" என்று தலைப்புப் போட்டு முகங்களைப் பரப்பினால், அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் தன் உறவினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அடுப்பையும் பந்தலையும் எடுங்கள். சாப்பிடுகிறவர்களை விட்டுவிடுங்கள்.

திரும்ப அவர்கள் வீட்டுக்கு

அசனம் ஒரு நாள் வேலை. அதற்குப் பின் வருகிற பதினோரு மாதம்தான் ஊர் பார்க்கும்.

கொடைக்கு அழைத்தால் போங்கள். படையல் பற்றிய தயக்கம் சபையில் பலருக்கு உண்டு, அது நியாயமான தயக்கம். 1 கொரிந்தியர் பத்தாம் அதிகாரத்தில் பவுல் சொல்வது இதுதான்: விருந்துக்கு அழைத்தால், போக மனமிருந்தால், முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடுங்கள். இது படைத்தது என்று யாராவது சொன்னால் அவருக்காகச் சாப்பிடாதிருங்கள். நடைமுறையில், போவதற்கு முந்தின நாளே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடலாம்: "படைச்சது மட்டும் எங்க பழக்கத்துல இல்ல அண்ணாச்சி. மத்தபடி உங்க வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போவேன்." படைக்குமுன் கொஞ்சம் எடுத்து வைப்பது அவர்களுக்குச் சிரமமே இல்லை, பல வீடுகளில் கேட்காமலே செய்வார்கள். இலை முன்னால் உட்கார்ந்த பிறகு முகத்தைச் சுளிப்பதுதான் வருடக்கணக்கில் மறக்காது. வீட்டுக்கு அனுப்பும் பெருநாள் பிரியாணியையும் பொங்கலையும் வாசலிலேயே நின்று வாங்காமல், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து வாங்குங்கள்.

துட்டி (சாவு) வீட்டுக்கு முதல் நாளே போங்கள். அங்கே அடுப்பு எரியாது. அரிசிக் கஞ்சியும் துவையலும், அல்லது காப்பியும் பன்னும், தூரத்து உறவினர் வந்து சேருகிற மதிய நேரத்துக்கு ஐம்பது பேருக்குக் கொண்டுபோனால் அது போதும். சைவமாகத்தான் இருக்க வேண்டும். அங்கே ஜெபிக்கலாமா என்று கேட்காமல் ஜெபிக்கத் தொடங்காதீர்கள். கேட்டு, வேண்டாம் என்றால் சும்மா உட்கார்ந்திருங்கள். ஊரில் வதந்தி கிளம்பும்போது, அதை முதலில் நம்ப மறுக்கப் போகிறவர் உங்கள் பக்கத்தில் அன்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்தான்.

வாங்கிய அண்டா, ஓலைப்பெட்டி, ஜமுக்காளம் எல்லாவற்றையும் மூன்று நாளுக்குள் திருப்புங்கள். புளி போட்டுத் துலக்கி, நசுங்கியிருந்தால் தட்டிச் சரிசெய்து, வெறும் பாத்திரமாகக் கொடுக்காமல் உள்ளே இரண்டு தேங்காயோ ஒரு சீப்புப் பழமோ வைத்து, வாங்கி வந்த அதே ஆள் கொண்டுபோக வேண்டும். போகும்போது அவர்கள் வீட்டுக் கொடையோ கந்தூரியோ (தர்கா விழாவோ) கல்யாணமோ எப்போது என்று கேட்டு, திரும்பி வந்து சபை நாட்குறிப்பில் எழுதுங்கள். அந்தத் தேதியில் சபைக் கூட்டம் எதுவும் வைக்காதீர்கள்.